ஆயிலில் பெட்ரோல் வாசனை

ரிப்போர்ட் மிக நன்றாக இருந்தது. பவானிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கடலூரை அடுத்த குடிகாடு பக்கம் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஜெனரேட்டர், கம்ப்ரஸர், பம்ப் என்று எதெதிலோ ஓடிப் பழசான ஆயில் சின்னச் சின்ன பாட்டில்களில் வரும். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, மண் எவ்வளவு, ஆயில் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்த்து, அந்த மெஷின் உள்ளே எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் 2009 ஆகஸ்டில் அந்தப் புதன்கிழமை அவள் மேஜையில் இருந்தது கம்பெனி ஆயில் இல்லை. சிதம்பரத்தில் இருக்கும் அவள் அப்பா வைத்திலிங்கத்தின் காரிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை அவளே மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துவந்தது.

கார் 1992ஆம் வருடத்து மாருதி. வாங்கும்போது வெள்ளை. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நின்று இரண்டு வருடமாகிறது. வைத்திலிங்கம் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அவருக்கே தெரியும் என்பதால் மீட்டரைச் சரி செய்யவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, மனைவி மலர்க்கொடியை உட்காரவைத்துக்கொண்டு கடலூரில் பவானி வீட்டுக்கு வந்து போவார். பத்து லிட்டர் பெட்ரோல் போட்டால் இரண்டு தடவை போய்த் திரும்பலாம் என்பது அவர் கணக்கு. நாலைந்து மாதமாக அந்தக் கணக்கு உதைத்தது. இரண்டாவது தடவை வரும்போது பாதி வழியில் புதுச்சத்திரத்திலேயே பெட்ரோல் முள் கீழே படுத்துவிட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் இளவரசு, என்ஜின் போய்விட்டது, விற்றுவிடலாம் என்றான். என்ஜின் கல் மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. இரண்டு பேரும் போனில் ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆயிலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நடுவில் நுழைந்தவள் பவானி. ரிப்போர்ட் என்ன சொல்கிறதோ அதன்படி நடப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ரிப்போர்ட் சொன்னது இது. இரும்பு, பத்து லட்சத்தில் நான்கு பங்கு. செம்பு ஒன்று. மண் கிட்டத்தட்ட இல்லை. ஆயில் டப்பாவை அப்போதுதான் உடைத்தது போல் கெட்டியாக இருந்தது. பதினேழு வருட என்ஜினில் மாதக்கணக்கில் ஓடிய ஆயில் இப்படி இருக்க வழியே இல்லை. ஆயிலை மாற்றும்போது பழசு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அந்த நாலு பங்கு இரும்பு அந்த மிச்சம்தான். யாரோ போன வாரம் ஆயிலை மாற்றியிருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வண்டிக்கு எப்பப்பா ஆயில் மாத்துனீங்க?"

"தை மாசம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு மாத்துறேன்? வருஷத்துக்கு ஒரு தரம்தான். ஏன், ரிப்போர்ட்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சி."

"என்னா சொல்லுது?"

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுது."

"அதத்தான் நானும் சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டார்.

பவானிக்கு வருத்தமாக இருந்தது. முப்பத்துநாலு வருடம் ஒரு எல்லைக்கல்லைக்கூட நகர்த்தாமல் உத்தியோகம் பார்த்த மனிதர், ஒரு காருக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சிதம்பரம் போய், வீட்டுக்குப் போகாமல் நேராக கொளஞ்சியப்பன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். காரை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர் அவர்தான். ஒரு வேனுக்கு அடியிலிருந்து கால் மட்டும் தெரிய, அங்கிருந்தே பேசினார்.

"ஆமாம் பாப்பா, போன வாரம் வெள்ளிக்கெழம மாத்துனேன்."

"அப்பா சொன்னாரா?"

"சாரு கோயிலுக்குப் போயிருந்தாரு. அம்மாதான் கூப்புட்டாங்க. ஞாயித்துக்கெழம டெஸ்ட் எடுக்க வராங்க, வண்டி உள்ள சுத்தமா இருக்கட்டும்னாங்க."

பவானி ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை அவள் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை.

"பழைய ஆயில் இருக்கா?"

"அந்த மூடி போட்ட கேன்ல இருக்கு. வேற எதுவும் கலக்கல. அம்மா கொட்டிடச் சொன்னாங்க, நான்தான் வெச்சிருக்கேன்." வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? எறக்கும்போதே பெட்ரோல் வாசன தூக்குச்சி. கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு எல்லாம் பாத்துட்டேன். ஒழுகல் கெடயாது. எப்படி எறங்குதுன்னே தெரியல."

கேனிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு கடலூர் திரும்பினாள். திங்கட்கிழமை சோதித்தாள். இரும்பு முப்பத்தொன்று. அந்த வயது என்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. மண் இல்லை, தண்ணீர் இல்லை. அப்பா சொன்னபடி என்ஜின் கல் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஆயில் மூன்றில் ஒரு பங்கு இளகியிருந்தது. இருநூற்றிருபது டிகிரியில் தீப்பற்ற வேண்டிய ஆயில் நூற்றைம்பதிலேயே பற்றியது. பெட்ரோல் நிறையக் கலந்திருந்தது.

ஒழுகல் இல்லாமல் பெட்ரோல் ஆயிலில் இறங்க ஒரு வழிதான் உண்டு. குளிர்ந்த என்ஜினை, பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை வெளியே இழுத்துவைத்தபடியே, சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். மாதம் ஒரு முறை தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும் காரில் இது நடக்காது. எரியாத பெட்ரோல்தான் உள்ளே இறங்குகிறது என்றால், அப்பாவின் பத்து லிட்டர் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் மிச்சம்.

அப்பா தினமும் ஐந்தரைக்கு நடக்கப் போனால் பேப்பர் படித்து முடித்து ஏழரைக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்பது என்று, புதன்கிழமை லீவு போட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். ஆறே முக்காலுக்கு வீட்டு வாசலில் நின்றபோது ஷெட் காலியாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் தெருமுனையில் கார் திரும்பியது. முதல் கியரில் அலறிக்கொண்டு, நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தது. ஸ்டியரிங்கில் மலர்க்கொடி. முதுகு நிமிர்ந்து, கண் சிமிட்டாமல், பள்ளிக்கூட போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு ரத்தினம்மாள். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் அப்பா வீட்டு நிலத்தில் டிராக்டர் ஓட்டி, அந்தக் காலத்திலேயே லைசென்ஸ் வாங்கியவர். பால்காரர் வழக்கம் போல் சைக்கிளை ஓரமாக இறக்கி நின்றார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

கார் ஷெட்டுக்குள் நுழைந்து நின்றது. பவானி ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். சோக் முழுசாக வெளியே இழுத்திருந்தது.

"இத எதுக்கு இழுத்து வெச்சிருக்கீங்க?"

"உள்ள தள்ளுனா வண்டி நின்னு நின்னு போவுது பாப்பா" என்றார் ரத்தினம்மாள். "இழுத்து வெச்சா நிக்காம ஓடுது. டிராக்டர்ல கையாலயே ஆக்சிலேட்டர் வெப்போம்ல, அது மாதிரின்னு நெனச்சேன். எடுத்த பெட்ரோல்ல பாதியாவது பாட்டில்ல வாங்கியாந்து ஊத்திடுறோம்."

மலர்க்கொடி இறங்கி முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"நீதானடி போன்ல சொன்ன, வண்டிய யாரு எப்படி ஓட்டுனாங்கன்னு எல்லாம் ஆயில்ல தெரிஞ்சிடும்னு. அதான் மாத்தச் சொன்னேன்."

"யாருன்னு தெரியாதும்மா. எப்படின்னுதான் தெரியும்."

மலர்க்கொடி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மாத்தாமயே இருந்திருக்கலாம்."

"அப்பாகிட்ட கேட்டுட்டே கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். தொண்ணூத்தாறுல. நீ எங்க போவப்போறன்னாரு." உள்ளே போய்க்கொண்டே சொன்னாள். "போன வருஷம் உனக்கு டைபாய்டு வந்துச்சி. அவருக்கு முதுகு வலி. நாலு நாளு கழிச்சித்தான் கூட்டியாந்தாரு. வண்டி இங்கயேதான் நின்னுது."

"பஸ்ல வந்திருக்கலாமேம்மா?"

"வந்திருக்கலாம். அன்னிக்கித் தோணல. வண்டியப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அடுத்த மாதம் டெஸ்ட், லைசென்ஸ் கைக்கு வந்ததும் தானே சொல்லிவிடுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றாள் அம்மா. சோக்கை எப்போது உள்ளே தள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டு, அப்பா வருவதற்குள் பவானி பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மாலை ரிப்போர்ட்டை எழுதினாள். முதல் பாட்டிலில் தவறு நேர்ந்ததால் மறுபடி சோதித்ததாகவும், என்ஜின் நல்ல நிலையில் இருப்பதாகவும், சோக் வெளியே இருந்தபடி வண்டி ஓட்டப்பட்டிருப்பதாகவும், அதைச் சரி செய்தால் போதும் என்றும் எழுதினாள். 'ஓட்டப்பட்டிருக்கிறது' என்பது வசதியான சொல்லாக இருந்தது. பொய்யும் இல்லை, ஆளும் இல்லை.

இளவரசு அந்தச் சொல்லுக்கு உடனே ஆள் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, அப்பாவுக்கு மறதி வந்துடுச்சி. சோக்க தள்ளாமயே கடலூர் வரைக்கும் வராரு. இன்னிக்கி சோக்கு, நாளைக்கி பிரேக்கு. வண்டிய மொதல்ல விக்கணும். அவர டாக்டர்கிட்டயும் காட்டணும்."

அப்பாவிடமும் இதையே சொல்லியிருக்கிறான். வைத்திலிங்கம் சண்டை போடவில்லை. அதுதான் பவானிக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவள் போனபோது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 'சோக் உள்ளே' என்று அப்பாவின் அச்செழுத்து போன்ற கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கேஸ் அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு, பம்ப் சுவிட்ச்சுக்குக் கீழே ஒரு சீட்டு.

"உன் கல்யாணம் ரெண்டாயிரத்து ரெண்டு, ஆவணி தான?" என்றார் திடீரென்று.

"ஆமாம்பா."

"ஆவணி பதிமூணு."

"ஆமாம்பா."

சரியாகச் சொன்ன பிறகும் அவர் முகம் தெளியவில்லை. பவானி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் வைத்திலிங்கம் சொன்னார். "இளவரசு சொல்றது சரிதான். வித்துடலாம். நான் தள்ளுனதா நல்லா ஞாபகம் இருக்குது. ஆனா தள்ளலன்னு ரிப்போர்ட்டு சொல்லுது. இனிமே நான் ஓட்டுறது ஜனங்களுக்கு ஆபத்து."

மலர்க்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோக்க இழுத்தது நான்தான்."

"எப்ப?"

"திங்கள், புதன், வெள்ளி. நீங்க நடக்கப் போனப்புறம். அஞ்சு மாசமா ரத்தினம்மா டீச்சர்கிட்ட கத்துக்குறேன்."

வைத்திலிங்கம் சாதத்தில் கை வைத்தபடியே இருந்தார்.

"அப்ப நான் தள்ளிட்டுத்தான் ஓட்டுனேனா?"

"நீங்க தள்ளிட்டுத்தான் ஓட்டுனீங்க."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் சாதம் போடச் சொன்னார். ரசம் இரண்டு தடவை வாங்கினார். கை கழுவி வந்து, அடுப்புக்கு மேலிருந்த சீட்டைக் கிழித்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. "ஆமாம், யாரக் கேட்டுகிட்டு வண்டிய எடுத்த?" என்று குரலை உயர்த்தியபோது மலர்க்கொடி எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். பவானிதான் இருந்தாள். அவளிடம் கோபப்பட்டார். அவளும் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது.

மலர்க்கொடி டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸில் தோற்றாள். இரண்டாவது தடவை, அக்டோபரில், பாஸ் செய்தாள். இரண்டு தடவையும் வைத்திலிங்கம் கூடப் போய், மைதானத்தின் ஓரத்தில் குடையோடு நின்றார். காரை விற்பது பற்றி இளவரசு பிறகு பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மலர்க்கொடி தனியாகக் கடலூர் வந்தாள். அவள் கிளம்பிய பத்தாவது நிமிடத்திலிருந்து வைத்திலிங்கம் பவானிக்குப் போன் போட்டு, வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கார் தெருவுக்குள் வந்தது. வாசலில் நிறுத்த ஐந்து தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து கை காட்டினார். என்ஜின் நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பவானி கிட்டே போனாள். அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எறங்கும்மா, காபி போடுறேன்."

"நீ போய்ப் போடு" என்றாள் மலர்க்கொடி, முன்னால் பார்த்தபடியே. "நான் கொஞ்ச நேரம் இப்புடியே உக்காந்திருக்கேன்."