கனவான் கேடயம் யாருக்கு?

1.

இது முதலில் இரண்டு பக்கக் கட்டுரையாக இருக்கவேண்டியது. கதையாகிப் போனதில் பாதிப் பிழை என்னுடையது, மீதி சவிரிமுத்துவுடையது.

ஒஸ்லோவில் ஒவ்வொரு யூன் மாதமும் எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். போட்டி முடிந்ததும் ஒரு சிறப்பு மலரும் வெளிவரும். இந்த வருடப் போட்டிக்கு முன்னர் மலர்க்குழுப் பொறுப்பாளர் என்னை எல்லிங்ஸ்ருட் தமிழ்க் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் மறித்தார்.

"எங்கடை கல்லூரிக் கோச்மாரிலை ஆர் ஆகப் பண்பானவர், ஆர் பெருந்தன்மையானவர் எண்டு எழுதித் தாங்கோ. ஒருத்தரும் கோவிக்காத மாதிரி. நீங்கள்தானே வருசாவருசம் சீட்டு எண்ணுறனீங்கள், உங்களுக்குத் தெரியாததோ?"

தெரியும். அதுதான் வில்லங்கம். நான் ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடி ஓம் என்றேன். வாங்குகிற எண்ணம் இல்லாதபோதும் முறித்துப் பார்ப்பது என் பரம்பரைப் பழக்கம்.

2.

முதல் தொடக்கம்: "ஒஸ்லோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சவிரிமுத்து தன் கம்பளிக் குல்லாயை இழுத்து…"

[வெட்டு. போட்டி நடந்தது யூனில், இருபத்தாறு பாகை வெயிலில். நோர்வேக் கதை என்றால் பனி வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு: மைதானத்து மூலையில் ஐஸ்பழம் விற்றார்கள். அதை வைத்துச் சமாளியுங்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "விளையாட்டு மனிதப் பண்பின் உரைகல். ஆதிகாலம் தொட்டு மனிதன்…"

[இது சங்கத் தலைவர் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிற வரி. பிடுங்கினால் அவரிடம் வேறு வரி இல்லை. திருப்பி வைத்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "சவிரிமுத்து வாயைத் திறந்தால் ஹவுகன்ஸ்டுவா மைதானத்தில் ஒரு காகமும் மரத்தில் இராது."

இதை வைத்துக்கொள்வோம்.

சவிரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பது. கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். நோர்வேஜியப் பிள்ளைகள் யன்னலை உடைத்தால்கூட, "பரவாயில்லை, காலிலை கண்ணாடி குத்தாமல் போங்கோ" என்கிற மனிதர். சனிக்கிழமை மைதானத்துக் கோட்டோரம் வந்து நின்றால் வேறு ஆள். தன் ஆட்டக்காரரைத் திட்டிப் பேசுவார், எதிரணியைப் பேசுவார், நடுவரைப் பேசுவார், வெளியே போன பந்தைப் பேசுவார். பதினொரு வருடமாக மேற்குக் கல்லூரி அணியின் பயிற்றுவிப்பாளர். இந்தப் பதினொரு வருடத்தில் மேற்குக் கல்லூரி ஒருமுறையாவது கிண்ணத்தைத் தொட்டதில்லை.

(கல்லூரிகளின் உண்மைப் பெயரைப் போட்டால் என் தொலைபேசி தாங்காது. ஆகவே நான்கு கல்லூரிகளுக்கும் நான்கு திசைகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். தெற்கைப் பெற்றவர்கள் இதற்கும் கோபிப்பார்கள்.)

கிண்ணம் இல்லாவிட்டாலும் சவிரிமுத்துவிடம் வேறொன்று இருந்தது. போட்டியின் மிகப் பண்பான பயிற்றுவிப்பாளருக்குக் கொடுக்கும் கனவான் கேடயம். தொடர்ந்து மூன்று வருடம்.

நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள்.

3.

கேடயத்தின் விதி எளிது. இறுதியாட்டம் முடிந்ததும் நான்கு பயிற்றுவிப்பாளர்களும் ஆளுக்கொரு சீட்டில் ஒரு பெயர் எழுதவேண்டும். தன் பெயரை எழுதக்கூடாது. நல்ல விதிதான். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் நல்லபடி நடந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் சந்தை பார்த்தவர்கள். கிழக்குக் கல்லூரியின் இந்திரகுமார் பல் வைத்தியர். சட்டையில் மடிப்புக் கலையாதவர், தோற்றாலும் வென்றாலும் ஒரே அளவு சிரிப்பவர். அவர் யோசித்தார்: 'துஷாந்துக்குப் போட்டால் துஷாந்த் எடுத்துவிடுவான். எடுக்க வாய்ப்பே இல்லாத ஒருவனுக்குப் போட்டால் என் சீட்டால் ஒருவருக்கும் லாபமில்லை. மற்றவர்கள் எனக்குப் போடுவார்கள்.' தெற்குக் கல்லூரி துஷாந்தும் அப்படியே யோசித்தார். வடக்குக் கல்லூரிக்காரரும் யோசித்தார். எடுக்க வாய்ப்பே இல்லாதவன் என்றதும் மூவருக்கும் ஒரே முகம்தான் கண்ணுக்கு முன் வந்து நின்று கத்தியது.

மூன்று வாக்குகளால் சவிரிமுத்து கனவானார்.

அடுத்த வருடம் ஒவ்வொருவரும், 'மற்ற இரண்டு பேரும் இந்தமுறை திருந்தியிருப்பார்கள்' என்று நம்பி, தான் திருந்தாமல் அதையே எழுதினார்கள். மூன்றாம் வருடம் அது பகிடியாகிவிட்டது. நானும் சிரித்தேன். சீட்டு எண்ணுகிறவன் சிரிக்கக்கூடாது என்று விதியில் இல்லை.

நான்காவது சீட்டு சவிரிமுத்துவுடையது. அதை எழுத அவருக்குக் கால்மணி நேரம் வேண்டும். "உந்த விழுந்த பெடியனைக் கைகுடுத்துத் தூக்கினது ஆர், இந்திரகுமாரோ துஷாந்தோ? வடிவாச் சொல்லுங்கோடா" என்று நாலு பேரிடம் விசாரித்து, பேனையை இறுக்கிப் பிடித்து எழுதுவார். இரண்டு முறை இந்திரகுமார். ஒருமுறை துஷாந்த்.

[இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். நான்கு பேரில் கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதியவர் ஒருவர்தான். இந்த வரி பகிடியைக் கெடுக்கிறது. எடுக்கலாமா என்று பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது.]

சவிரிமுத்து கேடயத்தை நம்பினார். முதல் வருடம் அவருக்கே திகைப்பு. பிறகு காரணம் கண்டுபிடித்தார்: "என்ரை வாய் வேறை, மனம் வேறை. சனத்துக்கு அது விளங்கியிருக்கு." கேடயம் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே தொங்கியது. மனைவி ஞானமலர் அதைத் தூசு தட்டுவார். தட்டியபடியே, "கனவான், அந்தக் குப்பைப் பையைக் கீழை கொண்டுபோய்ப் போடுங்கோ" என்பார். கனவான் கொண்டுபோவார்.

4.

இந்த வருடப் போட்டிக்கு ஸ்தவாங்கர் நகரிலிருந்து சாய் என்று ஒரு இளைஞர் வந்திருந்தார். எண்ணெய்க் கம்பனிப் பொறியியலாளர், தமிழ்நாட்டுக்காரர், துஷாந்தின் நண்பர். இறுதியாட்டத்துக்கு முன் உணவுக் கூடாரத்தில் சவிரிமுத்துவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, காலேஜ் டீம்னு சொன்னாங்க. பாதிப் பேருக்கு முடி நரைச்சிருக்கு, மீதிப் பேருக்கு முடியே இல்ல. எந்த இயர் படிக்கிறாங்க?"

"தம்பி, எங்கடை ஊரிலை ஆறாம் வகுப்பே கல்லூரிதான். படிச்சு முடிச்சாலும் நாங்கள் விட்டுப் போறேல்லை."

சாய் சிரித்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த உற்சாகத்தில் துஷாந்திடம் கேட்ட கதையை எடுத்துவிட்டார்.

"இங்க ஒரு கேடயம் இருக்காமே! மத்தவங்க ஜெயிச்சிடக் கூடாதுன்னு சான்ஸே இல்லாத ஒரு ஆளுக்கு எல்லாரும் ஓட்டுப் போடுவாங்களாம். மூணு வருஷமா அந்த ஆளே ஜெயிக்கிறாராம். அவரு அத உண்மைன்னு நம்பிட்டு இருக்காராம். செம காமெடில்ல? யாருண்ணே அது? இங்க இருக்காரா?"

சவிரிமுத்து கடித்துக்கொண்டிருந்த ரோல்சின் மீதிப் பாதியைத் தட்டில் வைத்தார்.

"இருக்கிறார்" என்றார். "இஞ்சைதான் எங்கையோ நிக்கிறார்."

[இரண்டு கதிரை தள்ளி நான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேநீரில் சீனி கரைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ கரைந்திருந்தது.]

5.

இறுதியாட்டம் மேற்குக்கும் கிழக்குக்கும். முதல் தடவையாக மேற்குக் கல்லூரி இறுதிவரை வந்திருந்தது. மேற்குக் கல்லூரிச் சங்கம் மாரிகாலத்திலேயே தீர்மானம் போட்டிருந்தது: இந்தமுறையும் கிண்ணம் இல்லையென்றால் பயிற்றுவிப்பாளர் மாறவேண்டும். தீர்மானத்தை அவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் பேசிய பேச்சைக் கூட்ட அறிக்கையில் 'நன்றியுரை' என்று பதிந்திருக்கிறார்கள்.

அன்று சவிரிமுத்து கோட்டோரம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். ஆட்டக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் ஏசாததால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் வந்து, "அண்ணை, சுகமில்லையோ?" என்று கேட்டுவிட்டே போனான்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. மேற்குக் கல்லூரி யூலியன் எழும்பினான். தலை எட்டவில்லை. கை எட்டியது. பந்து வலைக்குள் போயிற்று.

நடுவர் யதுர்ஷா இங்கே பிறந்து வளர்ந்தவள், இருபத்துநாலு வயது. அவளுக்கும் யூலியனுக்கும் நடுவே மூன்று பேர் நின்றார்கள். விசில் ஊதினாள். கோல். மேற்குக் கல்லூரிக் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. கிழக்குக் கல்லூரிக்காரர் இரண்டு பேர் கையைக் காட்டிக் கத்தினார்கள். கைக்கு முன்னால் நின்றவர்கள் அல்ல, ஆகவே அவர்களுக்கே நிச்சயமில்லை. இந்திரகுமார் அதே அளவு சிரித்தபடி நின்றார்.

நிச்சயமாகப் பார்த்தவர் ஒருவர். நாலு மீற்றர் தூரத்தில்.

6.

இப்போது கதையை நிறுத்துகிறேன். இதற்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: சவிரிமுத்து மெல்ல மைதானத்துக்குள் நடக்கிறார். நடுவரின் தோளைத் தொட்டு, "பிள்ளை, அது கை" என்கிறார். எங்கும் அமைதி. இந்திரகுமார் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்கிறார். அனைவரும் எழுந்து நின்று…

[வாங்காதீர்கள். நான் வளர்ந்த கடைத்தெருவில் முதல் சொன்ன விலைக்கு வாங்குகிறவனைப் பார்த்தால் கடைக்காரனுக்கே மனம் பொறுக்காது.]

முடிவு இரண்டு: சவிரிமுத்து பேசாமல் நிற்கிறார். சீட்டில் எழுதியவர்கள் மனதில் நினைத்த ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவெடுக்கிறார். கிண்ணம் கிடைக்கிறது. பதவி நிலைக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேடயத்தைக் கழற்றுகிறார். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம்.

[இது நல்ல சாமான். கொஞ்சம் கசப்பு, கடைசியில் ஒரு சதுரம்; கூட்டத்தில் வாசித்தால் இரண்டு பேர் பெருமூச்சு விடுவார்கள். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். நாலாவது வரியிலேயே அவர் எனக்கு அடங்கவில்லை. ஆட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிற சவிரிமுத்துவை எழுதலாம். அதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கு என்னிடம் சரக்கில்லை.]

7.

நடந்தது இது.

"ஏய் பிள்ளை!"

கூட்டம் நின்றது. காகங்கள் கிளம்பின. சவிரிமுத்து மைதானத்தின் நடுவுக்கு ஓடினார்.

"கண்ணை எங்கை வைச்சிட்டு வந்தனீ? உது கோலோ? அவன் கையாலை அடிச்சவன்! இதென்ன வொலிபோலோ?"

யதுர்ஷா குழம்பினாள். "மாமா, நான் உங்களுக்குத்தான் கோல் தந்தனான்."

"அதுதான் பிழை எண்டுறன்! ஏன் தந்தனீ? ஆரைக் கேட்டுத் தந்தனீ? விசில் ஊதத் தெரிஞ்சால் காணுமோ?"

மேற்குக் கல்லூரிக்காரர் இரண்டு பேர் அவர் வாயைப் பொத்தப் பார்த்தார்கள். "சவிரி அண்ணை, கோல் எங்கடையண்ணை! பேசாமல் வாங்கோ!"

"எங்கடை எண்டால்? கள்ளக் கோலை வைச்சு என்னடா செய்யிறது, சுவரிலை கொழுவுறதோ?"

யதுர்ஷா யூலியனைப் பார்த்தாள். "கையோ?"

யூலியன் தன் சப்பாத்தைப் பார்த்தான். "யா" என்றான்.

அவள் கோலை நீக்கினாள். சவிரிமுத்து அப்போதும் நிறுத்தவில்லை. அவளுடைய கண், கண்ணாடி, அவளுக்கு நடுவர் சான்றிதழ் கொடுத்த சங்கம் என்று ஒழுங்காக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். இரண்டு முறை எச்சரித்தாள். மூன்றாம் முறை சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள்.

"மாமா, நீங்கள் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. வெளியிலை போங்கோ."

தன் அணிக்கு எதிராக உண்மை சொன்ன ஒரு பயிற்றுவிப்பாளர், அதை ஏசி ஏசிச் சொன்னதால் வெளியேற்றப்பட்டார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்து, தண்ட உதைகளில் கிழக்குக் கல்லூரி வென்றது.

8.

இனி நான் செய்யவேண்டியது ஒன்றுதான் மிச்சம். சீட்டு.

மூன்று பேர் மைதானத்திலேயே எழுதித் தந்தார்கள். இந்தமுறை யாரும் மற்றவர் முகத்தைப் பார்த்து யோசிக்கவில்லை. இந்திரகுமார் எழுதும்போது சிரிக்கவுமில்லை. சவிரிமுத்து வேலிக்கு வெளியே நின்றார். வெளியேற்றப்பட்டவர் உள்ளே வரக்கூடாது. கம்பி வலைக்குள்ளால் சீட்டையும் பேனையையும் நீட்டினேன்.

"அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?"

"எந்தப் பிள்ளை?"

"என்னை வெளியிலை விட்டவள்."

"அண்ணை, அவள் கோச் இல்லை. நடுவர். செல்லாது."

"செல்லாட்டிப் போகட்டும். பதினொரு வருசமா நான் இஞ்சை பேசாத பேச்சில்லை. ஒருத்தனும் நேரை வந்து வாயை மூடு எண்டு சொல்லேல்லை. சீட்டிலைதான் சொன்னவங்கள், அதுவும் மறுவளமா, கனவான் எண்டு. இவள் ஒருத்திதான் முகத்தைப் பார்த்துச் சொன்னவள். பேரைச் சொல்லு."

சொன்னேன். எழுதினார். இந்தமுறை கால்மணி நேரம் எடுக்கவில்லை.

மேடைக்கு நடந்தபடி மற்ற மூன்றையும் விரித்தேன். சவிரிமுத்து. சவிரிமுத்து. சவிரிமுத்து. நாலு வருடமாக அதே மூன்று கையெழுத்து, அதே பெயர்.

சிவப்பு அட்டை பெற்றவருக்குக் கேடயம் இல்லை என்று விதியின் ஆறாம் பிரிவு சொல்கிறது. எழுதியவன் நான். நடுவருக்கும் கேடயம் இல்லை. அதையும் நான்தான் எழுதினேன். நான்கு சீட்டும் செல்லாது. பொய்யாக எழுதிய மூன்று வருடமும் எல்லாம் செல்லுபடியாயின.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மலர்க்குழுப் பொறுப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒருத்தரும் கோவிக்காத மாதிரி என்று கண்ணால் சொல்கிறார். வேலிக்கு வெளியே சவிரிமுத்து, கேடயம் இந்திரகுமாருக்குத்தான் என்று தானே தீர்மானித்து, தட்டுவதற்குக் கையிரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். என் தாமதம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? வாசியன்ரா! கை நோகுது!"

என்னால் ஏலாது. நான் சிரித்தவன், எனக்கு இதில் குரல் இல்லை. இதை வாசிக்கிற நீங்கள் வெளியாள். ஒருவருக்கும் வாக்குப் போடாதவர். மேடைக்கு மூன்று படிதான், இரண்டாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கள். இந்தாருங்கள் சீட்டு நாலும். விதிப் புத்தகமும் தருகிறேன், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கள். அவருக்குக் கேட்கவேண்டும்.