செர்வா சொல்லிக்கொடுத்த வசனங்கள்

அச்சகத்திலிருந்து வந்த அஞ்சலிப் புத்தகத்தை அப்ரேஃபி தாய்மாமனின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அம்மா பேருக்குக் கீழ நடிகைன்னு மட்டும் போட்டிருக்கு. எழுத்தாளர்னு நான் எழுதிக் கொடுத்தது எங்க, மாமா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். நம்ம படத்துல எல்லாரும் வாய்க்கு வந்ததத்தான பேசுறாங்க? இதுல எழுத என்னம்மா இருக்கு? சாவு வீட்ல பொய்ய அச்சடிச்சா ஊரே சிரிக்கும்."

கறுப்புத் துணியைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு அவர் பந்தலுக்குப் போய்விட்டார். அவர்கள் ஊரான குமாசியில் சாவுக் காரியம் என்றால் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம்.

அப்ரேஃபியின் அம்மா செர்வா போன்சு முப்பது வருடம் படங்களில் கொடுமைக்கார மாமியாராக வாழ்ந்தவள். சந்தையில் பாதிப் பேர் அவளுக்குத் தக்காளி விற்க மாட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமை தாங்காது. ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து, அன்றைய படப்பிடிப்புக்கு வசனம் எழுதியதும் அவள்தான். படத்தில் அவள் பெயரை அதற்காக ஒருவனும் போட்டதில்லை. எழுதிய நோட்டுகள் கூரை ஒழுகிக் கூழாகிப்போயின. மகளிடம் ஆதாரம் என்று ஒரு காகிதம் இல்லை. மதியம் மண்ணுக்குள் போய்விட்டால் அம்மா வெறும் மாமியார்தான்.

பத்து மணிக்கெல்லாம் சந்தைப் பெண்கள் சிவப்பும் கறுப்புமான துக்க உடையில் கூட்டமாய் வந்து இறங்கினார்கள். சவப்பெட்டியைத் தட்டித் தட்டித் திட்டினார்கள்.

"ஏ சண்டாளி, இனி எந்த மருமகள விரட்டப் போற? எழுந்திரிடி!"

திட்டிவிட்டு மூக்கைச் சிந்தி அழுதார்கள்.

பிறகு செர்வாவோடு நடித்த அம்பொன்சா மைக்கைப் பிடித்தார். நகைச்சுவை அவருக்கு நாக்கிலேயே ஊறுகிறது என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசும் முன்பே பந்தல் சிரித்துவிட்டது. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஆரம்பிங்கண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லய்யா. நீங்க சிரிச்சதெல்லாம் இவ எழுதுனது. எனக்குப் படிக்கத் தெரியாது. பின்னால நின்னு ஒவ்வொரு வரியாச் சொல்லிக்கொடுப்பா. இருபத்திரண்டு வருஷமா என் சொந்தச் சரக்குன்னு ஊர ஏமாத்திட்டேன்."

நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கை வாங்கப் பார்த்தார். அம்பொன்சா விடவில்லை.

"இன்னைக்கும் எனக்கு வசனம் வேணும். அப்ரேஃபி, வாம்மா."

அவள் எழுந்தாள். மாமா தடுக்கப்போவது போலக் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் நாற்காலியை இழுத்து அவளுக்கு வழி விட்டார். கால் தரையில் பாவாத சந்தோஷத்தில் அவள் நடந்துபோய், அம்பொன்சாவுக்கு அரை அடி பின்னால் நின்றாள்.

"இவ பேரு செர்வா போன்சு," என்று அவர் காதில் சொன்னாள்.

"இவ பேரு செர்வா போன்சு!"

"நடிகை."

"நடிகை!"

"எழுத்தாளர்."

"எழுத்தாளர்!"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. சந்தைப் பெண்கள் எழுந்து வெள்ளைக் கைக்குட்டைகளை வீசினார்கள். ஆரவாரம் அடங்கட்டும் என்று அப்ரேஃபி பொறுத்திருந்தாள். அம்பொன்சா தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, அடுத்த வரிக்குக் காத்து நின்றார்.