ஒரே குரலுக்குப் புறப்படாத ரயில்

ஒரே குரல் உத்தரவு அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை, தலைநகர எக்ஸ்பிரஸ் இடத்தை விட்டு அசையவில்லை. என்ஜினில் பழுதில்லை, தண்டவாளத்தில் மாடில்லை, சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது. ரயிலுக்குப் போக இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அதுவரை அந்த நிலையத்தில் ஒவ்வொரு ரயிலையும் ஐந்து மொழிகளில் அறிவித்துத்தான் அனுப்புவார்கள். பார்சல் ஆபீசை ஒட்டிய சின்ன அறையில் ஐந்து பேர், ஒரு மைக், ஒரு மின்விசிறி. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் முழங்கையால் இடித்து மைக்கைப் பிடுங்குவார். நாடு முழுவதும் ஒரே குரலில் பேசினால்தான் ஒற்றுமை வரும் என்று அமைச்சருக்குத் திடீரென ஞானம் பிறந்தது. அது எல்லாருக்கும் புரியவேண்டுமே என்று ஐந்து மொழிகளிலும் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவள் தலைநகர மொழிக்காரியான மைக் அக்கா. அவளுக்கு 'தேசியக் குரல்' என்று பட்டம், தலைமையகத்தில் உத்தியோகம், குடியிருக்க ஒரு வீடு எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் ஒற்றை அறையில் புழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வீட்டின் மேல்தான் உயிர். போன நாலு பேருக்காக அவள் வருத்தப்பட்டாள். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வருத்தப்பட்டாள்.

முதல் ஒரே குரல் ரயிலில் ஏறிப்போக அமைச்சரே பேண்டு வாத்தியத்தோடு வந்திருந்தார். அக்கா குரலில் தேனைக் குழைத்து அறிவித்தாள். ரயில் கேட்காத மாதிரி நின்றது. "கொஞ்சம் அதட்டிச் சொல்லிப் பாருங்கக்கா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அதட்டினாள், கொஞ்சினாள், பலிக்கவில்லை. அமைச்சர் பொறுமையிழந்து மைக்கை வாங்கி ஒற்றுமையைப் பற்றி முழங்கத் தொடங்கினார். 'நாம் அனைவரும்' என்று அவர் சொன்னதும் ரயில் ஓர் அடி பின்னால் போயிற்று. பெட்டிகளில் விசில் பறந்தது. "அவரை இன்னும் கொஞ்சம் பேச விடுங்கப்பா, ஏறின ஊருக்கே திரும்பிப் போயிடலாம்!" என்று ஒருவன் ஜன்னல் வழியே கத்தினான்.

அக்காவுக்கு வியர்த்தது. பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பழக்கத்தில் மற்ற நாலு மொழிகளையும் தானே பேசிப் பார்த்தாள். என்ஜின் மூக்கால் ஒரு சத்தம் விட்டது. அது சிரிப்புதான் என்பதில் பிளாட்பாரத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மதியத்துக்குள்ள இது கிளம்பணும். இல்லேன்னா வீட்ட மறந்துடும்மா" என்றார் அமைச்சர்.

அவள் பின்வாசல் வழியாக எதிர்த்த டீக்கடைக்கு ஓடினாள். அங்கே நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை மொழிக்காரரான தொண்டை அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"வாங்க தேசியக் குரலே! தண்ணி வேணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. ரயிலு நகர மாட்டேங்குது."

"உன் மாமியா கணக்கா மொறச்சுக்கிட்டு நிக்கிறது இங்கேருந்தே தெரியுதே. நாங்க என்ன பண்ணணும்?"

"வந்து ஆளுக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்க."

"சொல்றோம். அதுக்கு முன்னாடி, உன் ஒரு கொரலு பத்தாதுன்னு நீயே மைக்ல சொல்லு. அந்த ஆளு காதுல விழணும்."

அதைச் சொன்னால் பட்டமும் போச்சு, வீடும் போச்சு. அக்கா நாலு பேரையும் அவரவர் மொழியிலேயே வாய்க்கு வந்தபடி திட்டினாள். தொண்டை அண்ணன் ஒரு வசவின் உச்சரிப்பை மட்டும் திருத்திக் கொடுத்தார். அவள் அந்தத் திருத்தத்தோடு இன்னொரு தடவை திட்டிவிட்டு, திரும்பி ஓடினாள். பின்னாலேயே நாலு பேரும் ஓடினார்கள்.

"பயணிகள் கவனத்திற்கு. என் ஒரு குரல் பத்தலைங்க. மத்தவங்க வந்துட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அமைச்சரின் முகம் தொங்கியது. அறைக்குள் முழங்கைகள் இடித்துக்கொண்டன. ஒவ்வொரு மொழிக்கும் சில பெட்டிகள் சிலிர்த்து எழுந்தன; விளக்குகள் எரிந்தன, இணைப்புச் சங்கிலிகள் விறைத்தன. கடைசியில் தொண்டை அண்ணனின் மலை மொழி ஒலித்தபோது என்ஜின் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ரயில் பாய்ந்தது! ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், மூட்டைகளை வீசினார்கள், முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துத் தொங்கி ஏறினார்கள். இந்த ஐங்குரல் திட்டமே தன்னுடையதுதான் என்று நிருபர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த அமைச்சர் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய மனைவியும் உதவியாளரும் மட்டும் தலைநகரம் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீடு ஓர் ஆலோசகருக்குப் போயிற்று. வேறு எந்தத் தடத்திலும் ஒரே குரலுக்கு எந்த ரயிலும் கிளம்பவில்லை என்று தெரிந்ததால் உத்தரவும் சத்தமில்லாமல் போயிற்று. அக்கா ஒற்றை அறையிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். ஐந்து பேரில் யாருக்காவது ஜலதோஷம் என்றால் ரயில்வே டாக்டர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவார்.

தொண்டை அண்ணன் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு அமைச்சர் தன் தங்கை மகனை அனுப்பினார். நேர்முகத் தேர்வைப் பிளாட்பாரத்தில் ரயிலே நடத்தியது. மற்ற நாலு மொழிகளிலும் அறிவித்தாயிற்று, மலை மொழிதான் பாக்கி. பையன் மலை மொழியைப் புத்தகத்தில் படித்துக் கரைத்துக் குடித்திருந்தான், ரயில் கண்டுகொள்ளவில்லை. அடுத்து, இடுப்பில் குழந்தையோடு வந்திருந்த ஒரு மலைக்காரி மைக்கைப் பிடித்து, "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று தன் மொழியில் ஒரு சத்தம் போட்டாள். ரயில் கிளம்பிவிட்டது. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.