மாலின் முனை வரைக்கும்

மார்ச் மாதத்தில் கோல்மன் டூஹியின் நாற்பத்து மூன்று பசுக்களையும் கால்நடைத் துறையினர் இரண்டு லாரிகளில் கசாப்புக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். காசநோய்ச் சோதனையில் முதலில் ஆறு மாடுகள் சிக்கின. அடுத்த சோதனையில் பாதித் தொழுவம் சிக்கியது. அதன்பின் ஒன்றையும் விட்டுவைப்பதற்கில்லை என்று முடிவாகிவிட்டது. கோல்மனுக்கு அறுபத்திரண்டு வயது, கல்யாணமாகாதவன், ஒரு நாளும் பால் கறக்காமல் இருந்தறியாதவன். இப்போதும் விடியற்காலை ஐந்துக்கு எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

தங்கை இமெல்டா பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மே மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணன் வீட்டைப் பெருக்கப் போனபோது நடையில் இருந்த இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. நரி சுடுகிற துப்பாக்கி அதில் இல்லை. எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. அவன் ஏதாவது பதில் சொல்லிவிட்டால் அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டி ஒன்றைப் பத்து நாளுக்கு வாடகைக்குப் பேசி முடித்தாள்.

"கிளேர் கடற்கரையில ஆரம்பிச்சு வடக்கே நாட்டோட கடைசி, மாலின் முனை வரைக்கும் போறோம்" என்றாள் அண்ணனிடம்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு அங்க போய்ச் சொல்றேன். பணம் கட்டியாச்சு, அண்ணா."

கட்டிய பணம் வீணாவதைக் கோல்மனால் தாங்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறை விட்ட மறுநாள் கிளம்பினார்கள். லூப் ஹெட்டில் முதல் இரவு முழுக்க மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் இமெல்டா கண் விழித்தபோது அண்ணனின் படுக்கை காலி. அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். சாலைக்கு எதிரே கல்சுவர் ஓரமாக நனைந்தபடி நின்று யாரோ ஒருவருடைய மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடைசி மாடு நொண்டுது" என்றான். "மாட்டுக்காரன் கவனிச்சானோ என்னவோ."

"உள்ள வா. டீ போடறேன்."

"இமெல்டா, வீட்டுக்குப் போயிடலாம்."

"மாலின் முனைக்குப் போயிட்டுப் போலாம்."

ஒவ்வொரு நாளும் இதே பேச்சுத்தான். லகின்ச்சில் உயரத் தடுப்புக் கம்பி வண்டியைக் கடற்கரைக்கு விடவில்லை. அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு, காற்று பிடுங்கப் பார்த்த வறுத்த உருளைக்கிழங்கைக் கையால் மூடிக்கொண்டு தின்றார்கள். கானிமாராவில் வெயிலுக்கு விரித்த பக்கவாட்டுக் கூடாரத்தைக் காற்று பிய்த்துப் பக்கத்து வயலில் போட்டது. வண்டியின் கழிப்பறைத் தொட்டியைக் கொட்டும் வேலையை மட்டும் கோல்மன் தானாகவே எடுத்துக்கொண்டான்.

"நாப்பது வருஷம் சாணி அள்ளினவன்டி நான். மாட்டுக்கும் நமக்கும் எந்த வித்தியாசமும் தெரியல" என்றான். மார்ச்சுக்குப் பிறகு அவன் அடித்த முதல் நக்கல். இமெல்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தாம் நாள் அக்கில் தீவில் வானம் பளிச்சென்று திறந்தது. படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் இரண்டாவது தூண்டிலைக் கோல்மனிடம் நீட்டினார். வேண்டாம் என்பான் என்று நினைத்தாள். வாங்கிக்கொண்டான். முதல் வீச்சிலேயே மூன்று கானாங்கெளுத்தி மீன்கள் துள்ளிக்கொண்டு மேலே வந்தன. அன்று மாலை வெண்ணெயில் பொரித்த மீனில் நான்கை அவன் ஒருவனே தின்று, தட்டையும் ரொட்டியால் துடைத்துத் தின்றான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று இமெல்டா நம்பத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பெல்முல்லெட்டுக்கு அப்பால், இருபுறமும் கல்சுவர் நெருக்கிய சந்து ஒன்றில், எதிரே ரொட்டி வேன் வந்தது. அவள் பின்னால் எடுக்கும்போது இடப்பக்கக் கண்ணாடி சுவரில் மோதி நொறுங்கியது. இருபது வருடமாக அவள் ஓட்டிய பேருந்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

"நான்தான் சொன்னேனே, இந்தச் சந்துல போகாதேன்னு" என்றான் கோல்மன்.

"நீ ஒண்ணும் சொல்லல. நீ எதுவுமே சொல்றதில்ல, அதுதான் பிரச்சினை."

"என்னைக் கேட்டா கூட்டிட்டு வந்தே? நாய்க்குட்டியைத் தூக்கிப் போட்டுக்கிற மாதிரி போட்டுக்கிட்டு வந்துட்டே. ஊர் சுத்தினா மாடு திரும்பி வந்துடுமா?"

பெல்முல்லெட்டுக்குத் திரும்பியதும் ஊர்ச் சதுக்கத்தில் அவள் கண்ணாடிக்கு ஒட்டுப்பட்டை வாங்கக் கடைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவன் பையும் இல்லை, அவனும் இல்லை. பாலினா போகும் பேருந்து சதுக்கத்தை விட்டு வளைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. பின் சன்னலில் அவனுடைய பழுப்புத் தொப்பி தெரிந்தது.

காலி வீடு அவள் கண்முன் வந்தது. திறந்து கிடந்த அலமாரியும் வந்தது. உடைந்த கண்ணாடியை உள்ளே எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

சதுப்பு வெளியில் பன்னிரண்டு மைல் அந்தப் பேருந்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போனாள். பேங்கர் நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் வீட்டுவண்டியை அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, இறங்கி, படியேறினாள்.

"அண்ணா, எறங்கு."

"போ இமெல்டா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ எறங்கலேன்னா நானும் இங்கயே உக்காந்துக்கறேன்."

ஓட்டுநர் பொறுமையாகத் திரும்பினார். "அம்மா, நீங்க உக்காருறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரோட்டுல ஒரு வீடு நிக்குதே, அதை யாரு எடுக்கிறது?"

பின்னாலிருந்து காய்கறிப் பையோடு ஒரு கிழவி சொன்னாள்: "எறங்கிடுப்பா. எனக்குப் பன்னெண்டு மணிக்குப் பல் டாக்டர்."

கூட்டத்தில் யாரும் தன்னைப் பார்ப்பதைக் கோல்மன் எப்போதும் பொறுத்ததில்லை. கழுத்து சிவக்க இறங்கினான்.

ஆற்றுப் பாலத்தை ஒட்டி வண்டியை ஓரங்கட்டினாள். எஞ்சினை அணைத்தாள். பிறகு அவள் கேட்டாள்.

"அந்தத் துப்பாக்கி எங்க இருக்கு?"

அவன் மெல்லத் திரும்பினான். "அதுக்காகவா இவ்வளவும்?"

"சொல்லு."

"பக்கத்துப் பண்ணை லூக் பெர்ன் வீட்ல. மாடு போன மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"வீட்ல இருக்க வேணாம்னு தோணுச்சு."

அவள் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டிருக்கலாம்."

"இப்பவும் அந்த மாதிரி தோணுதா, அண்ணா?"

"சில நாள் தோணுது. நேத்து மீன் பிடிக்கிறப்போ தோணல."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். குரலில் மட்டும் தளர்ச்சி இல்லை. "இப்பச் சொல்றதைக் கேளு. ஊருக்குப் போனதும் டாக்டரைப் பாக்கறோம். நானும் வருவேன். இப்பவே வீட்டுக்குப் போகணுமா, சரி, வண்டியைத் திருப்பறேன். ஆனா தனியா விடமாட்டேன். காலைல அஞ்சு மணிக்கு அந்தச் சமையலறைல உன்கூட உக்காந்திருப்பேன். ஸ்கூல் திறக்கிற வரைக்கும்."

"பேசிக்கிட்டே இருப்பியே."

"இருப்பேன்."

கோல்மன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "அப்ப மாலின் முனைக்கே போயிடலாம்."

ஒட்டுப்பட்டையால் கட்டிய கண்ணாடியோடு ஸ்லைகோவைத் தாண்டினார்கள். டொனிகோலில் இரண்டு நாள் விடாத மழை. ஈர வயலில் சக்கரம் புதைந்தபோது கோல்மனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கூழாங்கல்லும் காய்ந்த கடற்பாசியும் வாரி வந்து திணித்து, "இப்ப மெதுவா, மெதுவா, கழுதை மாதிரி மிதிக்காதே" என்று திட்டித் திட்டி வண்டியை மேலேற்றினான். தங்கையும் பதிலுக்குத் திட்டினாள். இருவருக்கும் பசி எடுத்தது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் மாலின் முனையை அடைந்தார்கள். பனிமூட்டம் அப்பிக் கிடந்தது. கடல் இரைவது மட்டும் கேட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வேலி முடியும் இடம்வரை நடந்தார்கள்.

"இங்க வந்து சொல்றேன்னியே, எதுக்குன்னு" என்று காதருகே கத்தினான் கோல்மன்.

"நீ உயிரோட என் பக்கத்துல நிக்கணும்னுதான்."

அவன் அவள் கையை விடவில்லை. திரும்பும் வழியில் காபி விற்கும் வேனில் இரண்டு கோப்பை வாங்கி, ஒன்றை அவளிடம் கொடுத்தான்.

ஊர் திரும்பிய வாரமே இருவரும் டாக்டரிடம் போனார்கள். ஆறு மாதங்கள், மாதம் தவறாமல் போனார்கள். பண்ணைக்குப் புது மாடு கொண்டுவரக் கூடாதென்ற தடை நீங்கிய பிறகும் கோல்மன் உடனே மாடு வாங்கவில்லை. பிப்ரவரியில் ஏலச்சந்தையிலிருந்து தங்கைக்குப் போன் செய்தான். ஏழு இளம் கிடாரி வாங்கியிருப்பதாகச் சொன்னான். ஒன்றுக்குக் காது கொஞ்சம் மடங்கியிருக்கிறது, வந்து பார், என்றான்.