வெல்டா முதலில் கை தூக்கினாள்

1.
இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் லோரீன். கதையில் கூனிக் குறுகியவளோ அவள் தோழி வெல்டா. ஆகவே வெல்டாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எழுதப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "டென்னசியில் ஒரு கோழி ஆலை. அங்கே கொடுமைக்கார மேலாளர் ஒருவர்…" அடித்துவிட்டேன். மேலாளர் டெல்பர்ட் கொடுமைக்காரர் அல்ல. வெல்டாவின் கணவனுக்கு இதய அறுவை நடந்தபோது நாள் முழுக்க மருத்துவமனையில் அவளோடு இருந்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் சுலபம், வெல்டாவுக்கும் சுலபம்.

2.
ஆலையில் தொழிற்சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர்களிடையே வாக்கெடுப்பு வரவிருந்தது. அதற்கு முன் வாராவாரம் நிர்வாகத்தின் கூட்டம். வேலை நேரத்தில், சம்பளத்தோடு. வராவிட்டால் சீட்டு கிழியும். சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் லோரீனும் வெல்டாவும். நிர்வாகத்துக்குத் தெரிந்ததோ லோரீனை மட்டும்.

அன்று டெல்பர்ட் ஆலை ஒரு குடும்பம் என்றார், சங்கம் குறுக்கே வரும் அந்நியன் என்றார். எல்லோரும் கேட்டு அலுத்ததுதான். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்:

"என் மேல நம்பிக்கை இருக்கிறவங்க கை தூக்குங்க, பாப்போம்."

வெல்டாவின் கைதான் முதலில் எழுந்தது.

[பயத்தில் என்று எழுதினேன். பொய். நன்றியில் என்றேன். பாதிதான்.]

அவள் பதில் சொன்னது அந்த மனிதருக்கு. கைகளை எண்ணிக்கொண்டது நிர்வாகம். அவளைப் பார்த்து அறையே கை தூக்கியது. லோரீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

3.
மறுநாள் லோரீனைக் கோழி உறைய வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். வெல்டா இடைவேளையில் தன் கம்பளிக் கையுறையை எடுத்துக்கொண்டு போனாள். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்த வாக்கியம் இன்னும்…

லோரீன் கையுறையைத் தொடவில்லை. "நீயே வச்சுக்கடி. ஊருக்கே வழிகாட்டுற கை, வெறைச்சுப் போயிடப் போகுது."

"ஆஸ்பத்திரில அவரு எங்கூட இருந்தாருடி."

"அன்னிக்கு உன் புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டது யாரு? என்னை நம்புறியான்னு நான் கூட்டம் போட்டுக் கேட்டேனா?"

4.
முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். லோரீன் படித்தால் காறித் துப்புவாள். இன்னொன்றில் சங்கம் ஜெயிக்கிறது. அதனால் வெல்டாவின் தலை நிமிர்ந்துவிடுமா என்ன?

அடுத்த வாரமும் கூட்டம் நடந்தது. டெல்பர்ட் வெல்டாவைப் பார்த்துப் புன்னகைத்து, நீ எழுந்து நாலு வார்த்தை சொல்லேம்மா என்றார். வெல்டா எழுந்தாள்.

இதற்கு மேல் லோரீன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெல்டா பேச வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்று மட்டும்: அவளை லோரீன் பக்கம் திரும்ப வைக்காதீர்கள். அதற்கான முகம் அவளிடம் இன்னும் இல்லை.