கிணறு சொன்ன விலை

கிண்ணியாவில் கணித ஆசிரியை பஹ்மியாவின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொழும்புப் பங்குச் சந்தையோடு ஏறி இறங்கியது. அதுவும் சந்தை திறக்கச் சில மணிநேரம் முன்னதாகவே. காலையில் நாலு அங்குலம் ஏறினால் பிற்பகலில் விலைகள் ஏறின, இறங்கினால் இறங்கின. சனி, ஞாயிறு, பௌர்ணமிக்குச் சந்தை மூடும் போயா நாட்களில் தண்ணீர் அசையவில்லை. கடலின் வற்றுப்பெருக்கு என்றுதான் முதலில் அவளும் நினைத்தாள். துறைமுக அட்டவணையோடு ஒப்பிட்டாள், பொருந்தவில்லை. பிறகு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பைதன் கணினி மொழியில், பாண்டாஸ் என்ற கருவியை வைத்து, ஏழு மாதத் தண்ணீர் அளவையும் பங்கு விலைகளையும் பொருத்திப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அந்தச் செய்நிரலையும் அன்றாட அளவையும் எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்று பொதுவில் போட்டுவிட்டாள். அவள் பயன்படுத்தியதெல்லாம் யாரோ அப்படிப் போட்டுவைத்ததுதானே.

போலந்துக்காரர் ஒருவர் இரண்டு பிழைகளைத் திருத்தி அனுப்பி, ‘கிணறு’ என்பது எந்தக் கம்பனி என்று கேட்டிருந்தார். ஊரில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா கிடைப்பதை நாங்கள் நம்பமாட்டோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் தந்த குளிசையை வீசிவிட்டு அதே குளிசையைக் கடையில் காசுக்கு வாங்கி விழுங்குகிற சனம் நாங்கள்.

அவள் கணவன் ஜெமீலும் அந்தச் சனத்தில் ஒருவன். கட்டாரில் பதினாலு வருடம் லொறி ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்திருந்தான். பஹ்மியா அல்லாஹ்விடம் கேட்டதும் அது ஒன்றைத்தான். சேமிப்பைப் பங்குகளில் போட்டு அந்த வருமானத்தில் ஊரோடு இருந்துவிடுவது அவன் எண்ணம். திருகோணமலை டவுனில், ஏசி அறையில் இருந்த ஆலோசகர் ஒருவர் இருபத்தையாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஹோட்டல் கம்பனியின் பெயரைச் சொன்னார். 2022 ஜனவரியில் அவன் அதை வாங்கப் புறப்பட்ட காலை, கிணற்றில் வாளி அடிக்கல்லில் முட்டியது.

“மச்சான், இண்டைக்கு வேணாம். கிணறு வத்திட்டு.”

“வத்தினா தண்ணிப் பவுசருக்குச் சொல்லு புள்ள. காசு வாங்காமச் சொல்றத எவன் நம்புவான்?”

நாலு மாதத்தில் முக்கால்வாசி போயிற்று. ஜூனில் அதே பழைய சூட்கேசோடு ஜெமீல் மறுபடி கட்டாருக்குப் போனான். போகும்போதும் அந்த மனுசன் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வயிறெரிகிறது.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் தொலைபேசியில் அவன் குரல் துள்ளியது.

“புள்ள, போன்ல ஒரு அப் எடுத்திரிக்கன். மாசம் நாப்பது ரியால். காலைல கோடு காட்டும், பொய்க்கிறல்ல. இப்பிடியே போனா ஒண்டரை வருசத்தில ஊருக்கு வந்திருவன்.”

அவன் அனுப்பிய படத்தைப் பஹ்மியா பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் பொதுவில் போட்டதையே எவனோ நீலச் சாயம் பூசிப் பெயரை மாற்றி விற்கிறான். செவ்வாய்க்கிழமைக் கோட்டில் மட்டும் ஒரு கோணல் இருந்தது. அன்று அளவுநாடா கைவழுக்கி, அவள் பிழையாகப் பதிந்த மூன்று அங்குலம் அது.

“நீயும் படிச்சவதானே, இப்பிடி ஒண்டு உன்னால செய்யேலாதா?”

அது தன் கிணற்றுக் கோடுதான் என்று சொன்னால் அன்றைக்கே அதை நம்புவதை விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

“ஏலாது மச்சான்” என்றாள்.

இப்போது அதிகாலையில் ஸுபஹ் தொழுததும் நாடாவை இறக்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்துதான் பதிகிறாள். இன்று ஐந்து அங்குலம் ஏறியிருக்கிறது.