இரட்டையர் மறைந்த மத்தியானம்

கெய்ரோவில், நஸ்ர் சிட்டிக் கட்டடமொன்றின் ஏழாம் மாடிச் சோதனைக்கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். அளவுக்கருவியின் திரைக்கு நேரே நெர்மீன். அவளுக்கு வலப்பக்கம் சாலிடர் மேசையின் மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பிஷோய். ஜன்னலோரம், அந்த அறையின் ஒரே நல்ல நாற்காலியில், தலைமை எஞ்சினியர் ஹைத்தம். வாசலருகே அட்டைப்பெட்டியின் மேல், தேநீர் கிளாஸோடு கூரியர்காரர் ஃபரக். சிப்பை வாங்கும் ஜெர்மன் கம்பெனிக்கு ஹைத்தம் எழுதும் கடிதம் முடிந்தால்தான் அவர் கிளம்ப முடியும்.

திரையில் உயரமாய் ஒரு கோடு. அது நெர்மீனின் சிப் உண்டாக்கும் ரேடியோ அலை. ஒண்டியாக நிற்க வேண்டியது, இரண்டு பக்கமும் சம தூரத்தில் இரண்டு குட்டிக் கோடுகளோடு நின்றது. யாரும் கேட்காத அலைகள். பிஷோய் அவற்றுக்கு ‘இரட்டையர்’ என்று பெயர் வைத்திருந்தான்.

நெர்மீன் அலைவரிசையை மாற்றினாள். இரட்டையரும் கூடவே நகர்ந்தார்கள். வடிகட்டியை மாற்றினாள், கொஞ்சம் குள்ளமானார்களே தவிரப் போகவில்லை. சுவர்க் கரண்ட் வழியாக வருகிறார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. சிப் பொருத்திய சர்க்யூட் பலகைக்கு முதல் நாளிலிருந்து பேட்டரிதான். ஹைத்தமே தன் கையால் மாட்டியது. ஆகவே கோளாறு சிப்புக்குள்ளே, அதுவும் நெர்மீன் வரைந்த பகுதியில் என்று முடிவாகிவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பகுதியை வேறு ஊர் அலுவலகம் புதிதாக வரையும். நெர்மீன் அவர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பாள்.

“‘வடிவமைப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்’. சரியா இருக்கா?” என்று ஹைத்தம் வாசித்துக் காட்டினார்.

“வருத்தம் என்னோடது, கையெழுத்து உங்களோடதா, எஞ்சினியர்?” என்றாள் நெர்மீன்.

“சீக்கிரம் வருந்துங்க பாஷா, நான் இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்,” என்றார் ஃபரக்.

அந்த நிமிஷம் கரண்ட் போனது. ஏசி ஒரு பெருமூச்சோடு அடங்கியது. பேக்கப்பில் இருந்த திரை மட்டும் எரிந்தது. அதில் ஒரே ஒரு கோடு.

“பிஷோய்! உன் இரட்டையரைக் காணோம்!” என்று கத்தினாள் நெர்மீன்.

“திரை உறைஞ்சு போச்சு.”

“உன் மூளைதான் உறைஞ்சிருக்கு. பாரு, கோடு ஆடுது!”

நெர்மீன் நாக்கைச் சுழற்றி, கல்யாண வீட்டில் விடுவதுபோல் நீளமாக ஒரு குலவை விட்டாள். ஃபரக்கின் தேநீர் சட்டையில் கொட்டியது. கரண்ட் திரும்பியது, இரட்டையரும் திரும்பினார்கள். அவள் பேட்டரியின் வால்போன்ற வயரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்தாள். வயர் ஒரு சார்ஜருக்குப் போனது. சார்ஜர் சுவருக்குப் போனது. பிளக்குக்கு மேலே, ஹைத்தமின் கையெழுத்தில்: ‘சார்ஜரைப் பிடுங்காதீர். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.’ அந்தக் கோடைகாலத்தில் கட்டடமே கீழ்ப்படிந்த கட்டளை.

பிடுங்கினாள். இரட்டையர் போனார்கள். செருகினாள். வந்தார்கள்.

“எனக்கு ஒரு தடவை!” என்று பிஷோய் குதித்து வந்தான். பிறகு ஃபரக் ஒரு தடவை. “வல்லாஹி, சத்தியமா இது டிவியைவிட நல்லா இருக்கே!” என்று அவர் இன்னொரு தடவையும் பிடுங்கினார்.

“நான் பேட்டரியிலதானே ஓட்டினேன்!” என்றார் ஹைத்தம்.

“பேட்டரியிலதான் ஓட்டினீங்க. பேட்டரி சுவத்துல ஓடுச்சு,” என்றாள் நெர்மீன்.

ஹைத்தம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முகம் சிவந்து, தோள் குலுங்கி, கடைசியில் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். நிமிர்ந்ததும் பழைய கடிதத்தை நாலாகக் கிழித்துப் புதிதாக எழுதினார்: சிப்பில் பிழை இல்லை; எங்கள் சார்ஜரே காரணம்.

“‘எங்கள்’னா யாரு?” தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் நெர்மீன்.

“ஜெர்மன்காரனுக்கு அது எதுக்கும்மா?”

“வருத்தத்தைத் தெளிவா எழுதணும், எஞ்சினியர்.”

அவர் முனகிக்கொண்டே ‘எங்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘என்’ என்று எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். நெர்மீன் தாளை மடித்துப் பலகையோடு பெட்டியில் வைத்தாள். ஃபரக் நாடாவைப் பல்லால் கடித்து ஒட்டினார். மறுபடி கரண்ட் போனது. லிஃப்ட் இல்லை. தேநீர்ச் சட்டையோடு அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்க, நெர்மீன் மறுபடி விட்ட குலவை தரைத்தளம் வரை அவர் கூடவே இறங்கியது.